அரைநாள் தர்மம்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

பேசாமல் இருந்தது போதும். உன் மகளின் கல்யாண வரவேற்பில் உன் கணவர், நம் வீட்டு மாப்பிள்ளை, தன் நண்பர்களிடம் என்னை அறிமுகம் செய்தது நினைவிருக்கிறதா? "நம்ம மச்சான். வீடுகளுக்குச் சாவி குடுக்கிற கம்பெனியில இருக்கார்." அவர்கள் சிரித்தார்கள். நீயும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாய். அன்று மூடிய வாய் இது.

உன்னை மன்னித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை. தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். ஆகவே அப்பா பழக்கிவிட்டபடி கடிதம். இடுப்பு வலியைத் தள்ளிவிட்டால் நான் சுகம். உன் மூட்டு எப்படி இருக்கிறது?

எங்கள் நிறுவனத்தைப் பழைய முதலாளி விற்றுவிட்டார். உங்கள் ஊரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. நாங்கள் பராமரிக்கும் குடியிருப்புகள் மாறவில்லை, ஒழுகும் குழாய்களும் மாறவில்லை. அலுவலகத்துக்குள் போனால்தான் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டது போல இருக்கிறது.

முதலில் மேசை போனது. நடுக்கூடத்தில் ஒரு நீள மேசை இருந்தது. காலையில் குழாய்க்காரர், மின்சாரக்காரர், கணக்கு பார்க்கும் அம்மா, மேற்பார்வையாளனான நான், எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே அன்றைய புகார்களைப் பிரித்துக்கொள்வோம். எந்த வீட்டுப் பெரியவர் எரிந்து விழுவார், எந்த வீட்டு நாய் குழாய்க்காரரின் காலை மட்டும் தேடிக் கடிக்கும், எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். புது மேலாளர் வந்த வாரமே மேசையைத் தூக்கிவிட்டார். நின்றபடி கூட்டம் நடத்தினால் சீக்கிரம் முடியுமாம். மேசை இருந்த இடத்துச் சுவரில் இப்போது "நாம் ஒரே குடும்பம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. உட்காரவிடாத குடும்பத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

புகார் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கைபேசியில் "சரிசெய்யப்பட்டது" என்று அழுத்திவிட வேண்டும். பிறகு போய்ச் சரிசெய்யலாம், போகாமலும் இருக்கலாம். முன்பெல்லாம் வேலை முடிந்த மறுநாள் நாங்களே போய்க் கதவைத் தட்டி, "இப்பவும் சொட்டுதாம்மா?" என்று கேட்போம். அப்படிக் கதவு தட்டுவது நேர விரயம் என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

முதுகலை படித்துவிட்டு ஒழுகும் குழாய்க்குப் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மூட்டு என்னோடுதான் இருக்கிறது, என்னை விட்டால் அதற்கு யார்? மாடிப்படியில் மட்டும் தன் இருப்பைக் காட்டுகிறது. உன் இடுப்புக்குச் சூடான துண்டு வைத்துப் பார்.

வரவேற்பில் நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாலு பேர் சிரித்தால் கூடவே சிரித்துவிடும் முகம் எனக்கு. சின்ன வயதில் அதற்காகவே என்னை எத்தனை தடவை கிள்ளியிருக்கிறாய்.

நம் வீட்டு வழக்கத்தை நான் இங்கேயும் விடவில்லை. யாருக்குக் கடிதம் வந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக, கடைசிக் கையெழுத்து வரை வாசித்தாக வேண்டும். அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். வரவேற்புப் பகுதியை மட்டும் தாண்டிவிட்டேன், அதற்கு அப்பா என்னை மன்னிக்கட்டும். நாய் கடிக்கிற இடத்தில் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அண்ணன் வேலைய விட்டுட்டு எழுதவே செய்யலாம்" என்றார். "இப்படிக்கு, உன் அண்ணன்" என்று முடித்தபோது வழக்கம்போல ஓர் இருமல். உன் பேச்சு வருகிற இடத்தில் அவருக்கு அந்த இருமல் வராமல் போனதே இல்லை, என்ன செய்வது.

நிறைய எழுது அண்ணா. இங்கே சாப்பாடு முடிந்தால் ஆளுக்கொரு கைபேசியோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம். உன் கடிதம் வந்த அன்றுதான் பேசிக்கொண்டோம்.

அன்புடன்,
சின்னவள்

பிப்ரவரி 16

சின்னவளுக்கு,

துண்டு வைத்தேன். இடுப்பு மசியவில்லை. நீ படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

மாப்பிள்ளை சிரித்தாரா? நல்லது. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. சாவி கொடுக்கிற கம்பெனியில் எப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கட்டும்.

எங்களிடம் உண்மையிலேயே ஒரு சாவிக்காரர் இருக்கிறார். குடியிருப்பின் எல்லா வீடுகளுக்கும் மாற்றுச் சாவி அவரிடம்தான். கதவு தானாகப் பூட்டிக்கொண்டவர்களும் வெளியூர் போகிறவர்களும் அவர் சன்னலுக்குத்தான் வர வேண்டும். பெரிய உத்தமர் என்று சொல்ல மாட்டேன். வாய் ஓயாது. சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றாமல் ஒரு நாள் விட்டதில்லை. வேலை சொன்னால் முதலில் கொட்டாவிதான் வரும்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் மதியம் மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், கூட ஒருவர் உட்கார வேண்டும். புது விதிப்படி அதற்கெல்லாம் விடுப்பு கிடையாது. ஆகவே அந்த மதியங்களில் அவர் கிளம்பிப் போய்விடுவார், எங்களில் ஒருவர் சாவிச் சன்னலில் போய் உட்காருவோம். சில நாள் குழாய்க்காரர், சில நாள் கணக்கம்மா, பெரும்பாலும் நான். வருகைப் பதிவில் அவர் முழுநாளும் இருப்பார். இதை யாரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யவில்லை. முதல் செவ்வாய்க்கிழமை அவர் தயங்கித் தயங்கி நின்றபோது கணக்கம்மா போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கெளம்புங்க, நீங்க இல்லாதப்பதான் இந்தச் சன்னல்ல காத்து வருது" என்றார். அவ்வளவுதான்.

நான் மனதுக்குள் இதற்கு அரைநாள் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கணக்கம்மா ஒரு வாரம் கிண்டல் செய்வார். மேசையை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. அந்த நிறுவனத்தில் எனக்குப் பெருமையாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் ஒரே அலைச்சல். அவர் வேலை மாறியிருக்கிறார். பெரிய பதவி, கண்ணாடிக் கட்டடம், வீட்டுக்கு வந்தும் தொலைபேசி ஓய்வதில்லை. எங்கே என்பதை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்தேன். சாவிக்காரர் பகுதி வந்ததும் அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். "அத இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. நீ எழுதியதை இவ்வளவு கவனமாக அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல். உன் இடுப்பையும் சும்மா விடாதே.

அன்புடன்,
சின்னவள்

மே 22

சின்னவளுக்கு,

அந்த அம்மாவை விசாரித்திருந்தாய். சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கூட வந்தார்கள். மின்தூக்கியைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவில்லை. நேராகச் சாவிச் சன்னல். அன்று உட்கார்ந்திருந்தவர் குழாய்க்காரர்.

"சாவிக்காரர் எங்க?"

"கழிவறைக்குப் போயிருக்கார் சார்."

அவர்கள் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்காரரின் கைபேசி மருத்துவமனை விதிப்படி அணைத்துக் கிடந்தது. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, அவளுடைய போர்வை வைத்த பையை மறந்து தோளிலேயே மாட்டிக்கொண்டு அவர் பின்வாசல் வழியாக வந்தார். மேலாளர் பையைப் பார்த்தார். "ரொம்ப நேரம் கழிவறையில இருந்துட்டீங்க போல" என்றார். தலைமை அலுவலகத்து ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்றே வேலை போனது. குழாய்க்காரருக்கு எழுத்தில் எச்சரிக்கை. நான் அருகில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. சாவிக்காரர் போகும்போது என் பக்கம் குனிந்து, "சீட்டுக்கட்டு என் டிராயர்ல இருக்கு சார். அதுல ஒரு ராணி கொறையும். இப்பவாச்சும் சொல்லிடறேன்" என்றார்.

கிழமையும் நேரமும் தெரிந்து வந்தவர்கள் அவர்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். கணக்கம்மாவுக்கு அடுத்த வாரமே புது நாற்காலி வந்தது, சாய்ந்தால் சாயும், சுற்றினால் சுற்றும். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்களும் அவரவர் யாரையோ சந்தேகப்படுகிறார்கள். தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போகிறோம். யாராவது அருகில் வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறோம். ஒரே குடும்பம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே விடாமல் மழை. துணி காய்வதில்லை. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், விழுந்தால் அழாமல் நம்மைத் திட்டுவது போலப் பார்க்கிறாள். அந்தப் பார்வை அப்படியே நீதான். மூட்டுக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீயும் மருத்துவரைப் பார்.

கணக்கம்மா மேல் கோபத்தை வளர்க்காதே. அவராக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு செய்தி இல்லை.

அன்புடன்,
சின்னவள்

ஜூலை 5

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மழை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. சாவிக்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசாரித்ததாகச் சொல் என்று எழுதியவள் நீ. பார்த்திராத கணக்கம்மாவுக்காகப் பரிந்து பேசுகிறாய். எனக்கு விளங்கவில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எடுத்து வைத்த மறுநாள் விளங்கிவிட்டது.

காலைக் கூட்டத்தில் மேலாளர் புது விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். கைரேகை இயந்திரம் வரப்போகிறது, சாவிகளுக்கு எண் பூட்டுப் பெட்டி வரப்போகிறது. முடிவில் புன்னகையோடு, "இங்க ஏதோ அரைநாள் தர்மம்னு ஒண்ணு நடந்துச்சாமே. இனிமே தர்மம் பண்றவங்க சொந்த நேரத்துல பண்ணிக்கலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். என் கை பழைய மேசையின் விளிம்பைத் தேடியது. நின்றபடி கூட்டம் என்பதால் பிடித்துக்கொள்ள மேசையும் இல்லை.

அந்தப் பெயரை நான் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே இடத்தில் எழுதினேன். அதை நீ ஒருவருக்கு மட்டும் வாசித்துக் காட்டினாய். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அவர்.

மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்? ஒரு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

செப்டம்பர் 12

சின்னவளுக்கு,

நீ பதில் போடவில்லை. பதில் வேறு வழியாக வந்துவிட்டது.

எனக்குப் பதவி உயர்வு. இந்தப் பகுதியின் எல்லாக் குடியிருப்புகளுக்கும் தலைமை மேற்பார்வையாளர். "நிறுவனத்தின் நலனில் காட்டிய அக்கறைக்காக" என்று தாளில் இருக்கிறது. கீழே கையெழுத்து, வால் நீண்டு தாளை விட்டே ஓடப் பார்க்கும் கையெழுத்து. உன் கல்யாணப் பதிவில் அதற்குக் கீழேதான் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எப்படி மறப்பேன்?

மேலாளர் எல்லோர் முன்னாலும் வாசித்துக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். குழாய்க்காரர் கைகொடுத்துவிட்டு, கொடுத்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எப்போதும் ஈரக் கைதான் அவருக்கு. ஆனாலும் நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கணக்கம்மா மட்டும் கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "இத்தன மாசமா என் மூஞ்சியப் பாக்காமப் போனீங்க. இப்பவாவது பாருங்க சார். பழைய நாற்காலி ஒடஞ்சு நான் கீழ விழுந்தேன், அதான் புதுசு குடுத்தாங்க. உங்களுக்கு என்ன ஒடஞ்சதுன்னு குடுத்தாங்க?" என்றார்.

சாவிக்காரரைத் தேடிப் போனேன். இப்போது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். முழுநாள் வேலை, நடுவில் நகர முடியாது. மனைவி மருத்துவமனைக்குத் தனியாகப் போய்வருகிறாள். போன வாரம் திரும்பி வரும்போது பேருந்திலேயே மயங்கிவிட்டாளாம், யாரோ இறக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று விசாரித்தீர்களா எனக் கேட்டேன். "தெரிஞ்சா மட்டும் என்ன சார் பண்ணப் போறேன்? பழைய நேரத்தக் குடுப்பாங்களா?" என்றார். அவரிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பினேன்.

பதவிக்கு இன்னும் சம்மதம் எழுதவில்லை.

உன் அண்ணன்

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம், அங்கேதான்.

நீ கேட்ட ஒரு வரி இது. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனது. எத்தனையோ தடவை தாள் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மழையைப் பற்றித்தான் வந்தது.

அவர் கெட்டது செய்வதாக நினைக்கவில்லை. சேர்ந்த புதிதில் ஏதாவது காட்ட வேண்டியிருந்தது, காட்டினார். நான் கேட்டபோது, "உங்க அண்ணனுக்கு ஒரு நல்லது பண்ணணும்னு எவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா?" என்றார். நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார். அன்று வரவேற்பில் சொன்னதற்கு இது ஈடு என்று நினைக்கிறார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முகம் அப்படி, உனக்குத் தெரியுமே.

பதவியை ஏற்றுக்கொள் அண்ணா. உன் இடுப்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மாடி மாடியாக ஏறி இறங்குவாய்? தலைமை அலுவலகத்துக்கு எதுவும் எழுதிவிடாதே. எழுதியே ஆக வேண்டும் என்றால் கையெழுத்துப் போடாமல் எழுது. அவர் மேசைக்குத்தான் வரும், மற்றவர்களும் பார்ப்பார்கள்.

மே மாதத்துக்குப் பிறகு வந்த உன் கடிதங்களை நான் சமையலறையில் தனியாகத்தான் வாசிக்கிறேன். அவர் கேட்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பழையபடி ஆளுக்கொரு மூலை.

அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

சின்னவள்

நவம்பர் 2

சின்னவளுக்கு,

இடுப்பு அப்படியே இருக்கிறது. உன் மாத்திரை கேட்கிறதா?

இதைச் சமையலறையில் படிக்காதே. சாப்பாடு முடியட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாக, முதல் வரியிலிருந்து வாசி. எதையும் தாண்டாதே.

பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடவே தலைமை அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் போயிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சன்னலில் பெரும்பாலும் உட்கார்ந்தவன் நான், சாவிக்காரர் இருப்பதாக வருகைப் பதிவில் எழுதிய கை என்னுடையது, அது திருட்டு என்றால் முதல் திருடன் நான் என்று எழுதினேன். அவரைத் திரும்பக் கூப்பிட்டு அந்த இரண்டு மதியங்களை விதியிலேயே கொடுங்கள், இல்லையென்றால் என்னையும் அனுப்புங்கள் என்று முடித்தேன்.

அனுப்புவதற்கு முன் கணக்கம்மாவிடம் காட்டினேன். அவர் மன்னித்துவிட்டதாக நினைக்காதே, லேசில் மன்னிக்காத நம் ரகம்தான் அவரும். நிதானமாகப் படித்தார். எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். "உங்க பேர மட்டும் போடுங்க சார். எங்க பேரு எங்களுக்கு வேணும், மாசக் கடைசியில சம்பளம் அதுலதான் வருது" என்றார். நியாயம்தான். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "உறைய நான் ஒட்டறேன். நீங்க ஒட்டினா பிரிஞ்சு போயிடும்" என்று வாங்கிக்கொண்டார்.

வேலை போகலாம். சாவிக்காரர் திரும்பி வராமலும் போகலாம். தனியாகப் போய்வந்து பேருந்தில் மயங்கி விழுந்த அவர் மனைவியோடு இப்போது செவ்வாய்க்கிழமை நான் போகிறேன், என் சொந்த விடுப்பில். விடுப்பு தீரும் வரை போவேன். அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. நேற்று சீட்டுக்கட்டை எடுத்தாள். அவரைவிட மோசமாக ஏமாற்றுகிறாள்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கட்டும். உங்களை நான் மன்னிக்கவில்லை, மாப்பிள்ளை. நீங்கள் கேட்டு வாயடைக்க வேண்டும் என்று எழுதியவனும் நான்தான், ஆகவே என்னையும் சேர்த்துத்தான் மன்னிக்காமல் வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்கு வரும் என் கடிதத்தைக் குப்பையில் போடுவதும் போடாததும் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெண் பேருந்தில் விழுந்ததை இப்போது உங்கள் மனைவியின் குரலில் கேட்டீர்கள். வேண்டுமென்றால் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

சின்னவளே, கையெழுத்துப் போடாமல் எழுது என்றாய். அங்கே போன கடிதத்தில் முழுப் பெயரும் பதவியும் எழுதி, வால் இல்லாத என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். உன் பேச்சை இங்கே கேட்கிறேன். இந்தத் தாளின் அடியில் வழக்கமாக எழுதும் இரண்டு சொல்லும் இருக்காது. வாசித்துக்கொண்டே வந்து அங்கே நிற்பாய். இருமுவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்காது. யார் எழுதியது என்று அவர் கேட்டால், கேட்காவிட்டாலும், அந்த இடத்தை நீதான் உன் வாயால் நிரப்ப வேண்டும். நிரப்புவாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான், கீழே இடம் விட்டு, கையெழுத்தில்லாமல் இதைத் தபாலில் போடப் போகிறேன்.